ஷிபு நல்லவனா, கெட்டவனா? சூப்பர் ஹீரோ படங்களில் மனசைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருமங்கலத்தில் எங்கள் தெருவில் ஒரு காதணி விழா. பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பந்தி எப்போது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தோம். பிளஸ் ஒன் படிக்கிற அக்கா மகன் பக்கத்தில் வந்து போனை நீட்டினான். முந்தின ராத்திரி ‘மின்னல் முரளி’ பார்த்திருக்கிறான். “மாமா, அந்த டீக்கடை ஷிபு நல்லவனா கெட்டவனா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

ஒரே வார்த்தையில் அடங்குகிற ஆளாக இருந்தால் அவனை இவன் மறுநாள் பந்தி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டான். “சாப்பிட்டு வந்து பேசுவோம் மாப்ளே” என்றேன். பேச்சு மூன்று நாள் ஓடியது. அந்த மூன்று நாள் பேச்சைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். சினிமா விமர்சனம் எதுவும் படித்துப் பழக்கமில்லாதவர்களுக்கான வழிகாட்டி இது. படங்களின் முடிவை ஒளிக்காமல் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

## தொடங்கும் முன்: எந்தப் படத்தை எடுப்பது?

எல்லா சூப்பர் ஹீரோ படத்துக்கும் இந்த உழைப்பு தேவையில்லை. வில்லன் திரைக்கு வந்ததுமே உறுமல் இசை போட்டு, உலகத்தை ஆளப்போகிறேன் என்று அவனும் சிரித்துவிட்டால் அங்கே படிப்பதற்கு ஒன்றுமில்லை. பாப்கார்னோடு முடித்துக்கொள்ளலாம்.

பழகுவதற்கு நான் சொல்வது நான்கு படங்கள். முதலாவது, பாசில் ஜோசப் இயக்கி 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த மலையாளப் படமான ‘மின்னல் முரளி’. தமிழ் டப்பிங்கும் இருக்கிறது. அதில் ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் மதுரைக்காரர். கூத்துப்பட்டறையில் பழகி, ‘ஆரண்ய காண்டம்’ வழியாகத் திரைக்கு வந்தவர். ‘ஜோக்கர்’ படத்தில் தன்னை நாட்டின் ஜனாதிபதி என்று அறிவித்துக்கொண்ட மன்னர் மன்னனாக, இவன் பைத்தியமா, ஊரிலேயே தெளிந்தவனா என்று நம்மைக் குழப்பினாரே, அவரேதான். நம் ஊரிலிருந்து ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற சாலையைப் பிடித்தால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். ஆக, கதை நடக்கிற குறுக்கன்மூலை கற்பனைக் கிராமம்தான் என்றாலும் அந்நியமாகத் தெரியாது.

மற்ற மூன்றும் தமிழ். ஷங்கரின் ‘எந்திரன்’ (2010), அதன் தொடர்ச்சியான ‘2.0’ (2018), மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ (2023).

ஒரு படத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கும். முதல் தடவை சும்மா பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். நோட்டும் பேனாவும் இரண்டாவது தடவைக்கு.

## படி 1: காரணம், நோக்கம், சாக்கு

குழப்பத்தில் பாதி, இந்த மூன்றையும் ஒரே சொல்லாகப் புழங்குவதால் வருகிறது. சினிமாவை விட்டுவிட்டு ஊர்க் கதை ஒன்றைப் பாருங்கள். அண்ணன் வீட்டு விசேஷத்துக்குத் தம்பி வரவில்லை. கேட்டால், “பத்திரிகையில எம் பேரு போடலை” என்கிறான். அது சாக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் வரப்புத் தகராறில் அண்ணன் நாலு பேர் முன்னால் கை ஓங்கியிருக்கிறான். அது காரணம். அண்ணன் வீடு தேடி வந்து, “வாடா” என்று கையைப் பிடித்துக் கூப்பிட வேண்டும் என்று தம்பி திண்ணையிலேயே காத்திருக்கிறான் பாருங்கள், அது நோக்கம்.

காரணம் முன்பு நடந்தது, நோக்கம் இனி நடக்க வேண்டியது. சாக்கு வெறும் வாய்ப்பேச்சு.

ஷிபுவுக்கு வருவோம். அவன் தாய் மனநிலை சரியில்லாதவள். அதை வைத்தே ஊர் அவனையும் பைத்தியக்காரன் என்று ஒதுக்கியிருக்கிறது. உஷா மேல் அவனுக்கு 28 வருஷக் காதல். அவளோ வேறொருவனோடு போய், கைவிடப்பட்டு, நோயாளி மகளோடு ஊர் திரும்பியிருக்கிறாள். இதெல்லாம் காரணம். மின்னல் தாக்கிச் சக்தி வந்த பிறகு அவன் வங்கியைக் கொள்ளையடிக்கிறான். குழந்தையின் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும்.

இங்கேதான் கேள்வி முளைக்கிறது. குழந்தையைக் காப்பாற்றுவது நோக்கமா? உஷாவை அடைவது நோக்கமாகி, குழந்தையின் ஆபரேஷன் அதற்குக் கிடைத்த வழியா? அல்லது இத்தனை வருஷம் தன்னைப் பார்த்துச் சிரித்த ஊருக்குத் தான் யாரென்று காட்டுவது நோக்கமாகி, உஷாவே ஒரு சாக்கா? மருமகன் உடனே “முதலாவதுதான் மாமா” என்றான். அவசரப்படாதே என்று சொல்லித்தான் அடுத்த படிக்குப் போனோம்.

## படி 2: மொய் நோட்டு போடுங்கள்

மதுரை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் மொய் நோட்டு தெரியாதவர் இல்லை. பந்தல் வாசலில் மேசை போட்டு, இன்ன ஊர், இன்னார், இவ்வளவு ரூபாய் என்று எழுதுவார்கள். அந்த நோட்டில் ஒரு பத்தி மட்டும் கிடையாது. ஏன் என்ற பத்தி. பாசத்தில் வைத்தாரா, பழைய மொய்யைத் திருப்பினாரா, நாளை தன் வீட்டு விசேஷத்துக்கு முதலீடு போட்டாரா, பக்கத்து வீட்டுக்காரன் 1,001 வைத்ததைப் பார்த்து ரோஷத்தில் 2,001 வைத்தாரா, ஒன்றும் எழுதமாட்டார்கள். ஆனால் இருபது வருஷ நோட்டுகளை வரிசையாகப் புரட்டினால் ஆளின் குணம் தெரிந்துவிடும். நொடித்துப்போன வீட்டுக்கும் குறைக்காமல் வைத்தவர் யார், செழித்த வீட்டுக்கு மட்டும் கூட்டி வைத்தவர் யார் என்று தொகைகளே சொல்லிவிடும்.

பாத்திரத்துக்கும் அப்படி ஒரு நோட்டு போடுங்கள். இடது பக்கம் அவன் செய்தது. வலது பக்கம் அதற்காக அவன் இழந்தது. ‘ஏன்’ எழுதவே கூடாது. ‘கோபத்தில் அடித்தான்’ என்று எழுதினால் ‘கோபத்தில்’ என்பதை அடித்துவிடுங்கள். அது நீங்கள் ஊகித்தது. திரையில் நடந்தது ‘அடித்தான்’ மட்டும்.

கஷ்டமாகத்தான் இருக்கும். மருமகனின் முதல் பக்கத்தில் இருந்த பதினோரு வரியில் எட்டு வரியில் ‘ஏன்’ ஒளிந்திருந்தது. ‘பாவம்’ என்ற சொல் மட்டும் நான்கு தடவை. பாவம் என்று எழுதியவுடன் தீர்ப்பு முடிந்துவிட்டது, பிறகு எதற்கு நோட்டு?

இழந்தது என்ற வலது பக்கம்தான் முக்கியம். சும்மா கிடைப்பதற்கு ஆசைப்படுகிறவனையும், கையிலிருப்பதைக் கொடுத்து ஒன்றைக் கேட்கிறவனையும் அது பிரித்துவிடும். வங்கிக்குள் நுழைந்தபோது ஷிபு பணயம் வைத்தது என்ன? ஊரில் அவனுக்கு மரியாதை இல்லை, இழக்க முடியாது. வேலை, டீக்கடையில் எடுபிடி. அவனிடம் இருந்த ஒரே சொத்து, உஷா என்றைக்காவது தன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்ற நினைப்பு. பிடிபட்டால் போவது அதுதான். அந்த ஒன்றையும் வைத்து ஆடுகிறான் என்றால் குழந்தையின் உயிர் அவனுக்கு வெறும் வழியாக மட்டும் இருந்திருக்காது என்று எனக்குப் படுகிறது. உங்கள் நோட்டு வேறு சொன்னால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

## படி 3: அவனே சொல்வதற்குப் பாதி விலை

பாத்திரம் தன்னைப் பற்றித் தானே விளக்கம் கொடுக்கும்போது ஜாக்கிரதை. கிறிஸ்டோபர் நோலனின் ‘தி டார்க் நைட்’ (2008) படத்தில் ஜோக்கர் தன் வாய்க் கிழிசல் வந்த கதையை இரண்டு பேரிடம் சொல்கிறான். ஒருவனிடம் அப்பா கிழித்தார் என்கிறான். இன்னொருத்தியிடம் மனைவிக்காகத் தானே கிழித்துக்கொண்டதாகச் சொல்கிறான். முதல் கதையைக் கேட்டு இரக்கப்பட்டவர்களின் முகத்தில் இரண்டாவது கதை கரியைப் பூசுகிறது. எது உண்மை என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. ஆனால் எதிரில் இருக்கிறவரைப் பார்த்து அவன் கதையை மாற்றுகிறான் என்பது நமக்குக் கிடைத்துவிடுகிறது. விளக்கம் கொடுப்பதும் ஒரு செயல்தான். அதையும் நோட்டின் இடது பக்கத்தில் எழுதுங்கள்: ‘இன்னாரிடம் இப்படிச் சொன்னான்.’

பாதி விலை என்றால் முழுப் பொய் என்று அர்த்தமில்லை. உசிலம்பட்டி ரோட்டில் ஒரு சண்டையை விலக்கிவிட்டவர்களைக் கேட்டுப்பாருங்கள். இரண்டு பக்கமும் சொல்வதில் உண்மை இருக்கும். சொல்லாமல் விட்டது எது என்பதைத்தான் தேட வேண்டியிருக்கும்.

## படி 4: வேறு வழி இருந்ததா?

இந்த ஒரு கேள்வியில் நிறைய வில்லன்கள் கழன்றுவிடுவார்கள். ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ (2018) படத்தின் தானோஸ், வளம் பற்றாது, அதனால் பாதி உயிர்கள் போக வேண்டும் என்கிறான். கேட்க நியாயம் மாதிரியே இருக்கும். ஆனால் நினைத்ததெல்லாம் நடக்கிற கையுறையை மாட்டிக்கொண்டவன், வளத்தை இரண்டு மடங்காக்கியிருக்கலாமே? அது அவன் மனசில் வரவேயில்லை. அடுத்த படமான ‘எண்ட்கேம்’மில், தன் திட்டத்தை உயிர்கள் நன்றியோடு ஏற்காது என்று தெரிந்ததும், பிரபஞ்சத்தையே கிழித்துப் புதிதாகச் செய்கிறேன் என்கிறான். வளக் கணக்கு காணாமல்போய்விட்டது. தான் சொன்னதுதான் சரி என்று எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அவனுடைய தேவை போலிருக்கிறது.

இதே கேள்வியை ‘2.0’ படத்தின் பக்ஷிராஜன்முன் வையுங்கள். அக்‌ஷய் குமார் நடித்த பறவையியல் ஆய்வாளர். செல்போன் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாவதாக நம்புகிறவர். பிளாஷ்பேக்கில் அவர் செய்வதைப் பட்டியல் போடுங்கள். மக்களிடம் பேசுகிறார், கம்பெனிக்காரர்களைப் பார்க்கிறார், கோர்ட்டுக்குப் போகிறார், மந்திரியிடம் போகிறார். எல்லாக் கதவும் மூடிய பிறகு அதே செல்போன் கோபுரத்தில் தூக்கில் தொங்குகிறார். தானோஸ் தேடாத வேறு வழிகளை எல்லாம் இவர் தேடி முடித்துவிட்டார். அதனால்தான் பிறகு அவர் ஆவியாக வந்து ஆட்களைக் கொல்லும்போதும் நமக்கு முழுக் கோபம் வருவதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. நோக்கம் நல்லது என்பதால் அவர் சொன்ன அறிவியலும் சரியென்று ஆகிவிடாது. படம் வெளிவந்த சமயத்தில் செல்போன் நிறுவனங்களின் சங்கம், இது அறிவியலுக்கு விரோதமான படம் என்று தணிக்கை வாரியத்திடமே புகார் கொடுத்தது. ஒருவன் உண்மையாக நம்புகிறானா என்பது ஒரு கேள்வி, அவன் நம்புவது உண்மையா என்பது வேறொரு கேள்வி. வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

## படி 5: யாரை விட்டுவைக்கிறான்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

யாரை அடிக்கிறான் என்பதை வைத்து நோக்கத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். அடி வாங்குகிறவன் பல நேரம் எதிரே அகப்பட்டவன்தான். விடப்பட்டவனைப் பாருங்கள். அடிக்க முடியும், யாரும் தடுக்கப்போவதில்லை, அடித்தால் லாபமும் இருக்கிறது. அப்படியும் கை இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில்தான் அவன் மனசு திறந்துகிடக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. சிலப்பதிகாரத்துக் கண்ணகியை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரச் சக்தி, எரியும் ஊர், தனி மனுஷியின் கோபம் என்று சூப்பர் ஹீரோ படத்துக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருக்கிறது. சபையில் சிலம்பை உடைத்தாள், மாணிக்கப் பரல் தெறித்தது, வழக்கு முடிந்தது. தப்பை உணர்ந்த பாண்டியன் அங்கேயே உயிரை விட்டான், அரசியும் விட்டாள். தண்டிக்க வேண்டியவன் செத்தாயிற்று. பிறகு ஊரை ஏன் எரிக்க வேண்டும்? நீதிக்காக என்று சொன்னால் நீதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. வெறும் துக்கத்தில், கண்மண் தெரியாமல் என்று சொல்லத்தான் வாய் வருகிறது.

ஆனால் இளங்கோ ஒரு வேலை செய்திருக்கிறார். தீக்கடவுள் வந்து நின்று யாரை விடவேண்டும் என்று கேட்கும்போது, அவளிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. அந்தணர், அறவழி நடப்பவர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள். இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போகச் சொல்கிறாள். அந்தப் பட்டியல் சரியா, அதில் வேறு யாரைச் சேர்த்திருக்க வேண்டும் என்று நாம் இன்றைக்குச் சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால் கண்மண் தெரியாதவளிடம் பட்டியல் இருக்காது. எரிகிற கோபத்துக்குள்ளேயும் அவள் ஒரு கோடு கிழித்திருக்கிறாள். போதாக்குறைக்கு, மதுராபதித் தெய்வம் பின்னாலேயே வந்து, எல்லாம் கோவலனின் முற்பிறவி வினை என்று மூன்றாவது விளக்கம் ஒன்றையும் கொடுக்கிறது. நீதி, துக்கம், ஊழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நூல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த அளவுகோலைக் குறுக்கன்மூலைக்கு எடுத்துப் போங்கள். உஷா இருந்தவரைக்கும் ஷிபுவின் ஆசை ஒரு வீட்டுக்குள் அடங்குகிற அளவுதான். அவள், குழந்தை, தான். ஊர்க்காரர்கள் வைத்த தீயில் உஷாவும் மகளும் போன பிறகு அவன் ஊரையே அழிக்கக் கிளம்புகிறான். இப்போது அவனிடம் விடுபட்டவர்கள் பட்டியல் உண்டா? கண்ணகி கிழித்த கோடு இவனிடம் எனக்குத் தென்படவில்லை. ஊரில் கிழவர்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தீ வைக்க வராதவர்களும் இருக்கிறார்கள். அவனுக்கு எல்லாரும் ஒன்றுதான். அவனைப் ‘பாவம்’ என்று எழுதிய நான்கு இடத்திலும் மருமகன் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தான்.

அதோடு விடாமல், “அப்ப ஊர்க்காரய்ங்க மாமா?” என்றான். நான் சொல்ல நினைத்திருக்காத இடம் அது. தீ வைத்த கூட்டத்துக்கும் நோட்டு போட வேண்டாமா? வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எத்தனை பேர் நின்று யோசித்தார்கள்? ஊரைக் காப்பாற்றுவது அவர்கள் நோக்கம் என்றால், ஒரு பெண்ணும் நோயாளிக் குழந்தையும் அந்த ஊரில் சேர்த்தி இல்லையா? ஷிபு தோற்ற அதே பரீட்சையில் ஊரும் தோற்றுப்போகிறது. அவனுக்கு முன்னாலேயே தோற்றுவிட்டது. ஒருவனைச் சின்ன வயசிலிருந்து ‘அந்தப் பைத்தியம்’ என்று மொத்தமாகப் பார்த்த ஊரை, அவன் கடைசியில் மொத்தமாகவே பார்க்கிறான். இது அவனுக்கு மன்னிப்பு ஆகாது. ஆனாலும் இந்தப் படத்தில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த இடம் இதுதான்.

பக்ஷிராஜனுக்கு இந்தப் பரீட்சையை ஷங்கரே வைத்துவிட்டார். உச்சக்கட்டத்தில், விரல் அளவு எந்திரங்கள் புறாக்களின் மேல் ஏறி வந்து, பறவைகளைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டும். ராட்சசப் பறவையாக நின்று அத்தனை பேரையும் கலங்கடித்தவர் அங்கே பதறிப்போவார். மனிதர்களைக் கொல்லக் கூசாத கை பறவைக்காக நடுங்குகிறது. பறவைப் பாசம் சாக்கு இல்லை என்று அந்த நடுக்கத்தில் தெரிந்துவிடுகிறது. அவரை வீழ்த்த அதே பாசத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். ஆனால் ஹீரோவின் நோட்டில்.

## படி 6: இயக்குநரின் கையைப் பாருங்கள்

இதுவரை பாத்திரத்தை உயிருள்ள ஆளாக வைத்துப் பேசினோம். அவனைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். நம் இரக்கத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று அவர் முன்பே முடிவு செய்திருப்பார்.

சத்தத்தை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை ஒருமுறை ஓட்டுங்கள். இசை இல்லாமலும் உங்களுக்கு அழுகை வருகிறதா? உஷா ஷிபுவை ஏற்றுக்கொள்கிற இடத்தில் சோமசுந்தரத்தின் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கும். சத்தமில்லாமல் பார்த்தால்கூட அந்த முகம் தாங்கும். அப்படித் தாங்கினால் நடிகர் கொடுத்தது. தாங்காமல் வெறிச்சென்று இருந்தால் வயலின் கொடுத்தது.

டப்பிங்கில் பார்த்தவர்கள் முக்கியமான காட்சியை மட்டுமாவது மூல மொழியில் கேளுங்கள். கெஞ்சலுக்கும் மிரட்டலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு குரலை டப்பிங் ஏதாவது ஒரு கரையில் ஒதுக்கிவிடும்.

‘எந்திரன்’ படத்தின் ரோபோ சிட்டி விஷயத்தில் ஷங்கர் ஒரு சாமர்த்தியம் செய்திருக்கிறார். தன்னைச் செய்த விஞ்ஞானி வசீகரனின் காதலி சனா மேல் காதல் வந்து, மறுக்கப்பட்டு, வசீகரனாலேயே துண்டாக்கிக் குப்பையில் போடப்பட்ட பிறகுதான் வில்லன் போரா அதற்குள் சிவப்பு சிப்பைப் பொருத்துகிறான். பிறகு சிட்டி செய்கிற அட்டூழியமெல்லாம் சிப்பின் கணக்கில் போய்விடும். சிப்பைக் கழற்றினால் பழைய சாது. குழந்தைகள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் சிப் வருவதற்கு முன்பே அந்த மனசு காயப்பட்டதை நாம் பார்த்துவிட்டோமே. சிப் இல்லாமலே அது வேறு மாதிரி ஆகியிருக்குமா என்ற கேள்வியைப் படம் கேட்காமல் நழுவுகிறது. இப்படிச் ‘சிப்’ வைக்கிற இடங்களைக் கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி. வசியம், விஷம், மூளையில் அடி, கெட்ட ஆவி எல்லாம் ஒரே ரகம்.

## படி 7: ஹீரோவையும் விடாதீர்கள்

வில்லனுக்கு இவ்வளவு தோண்டுகிறோம், ஹீரோ என்றதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுகிறோம். ‘மின்னல் முரளி’யின் ஹீரோ ஜெய்சன் ஊரைக் காக்கப் பிறந்தவனா? டெய்லர். அமெரிக்கா போக வேண்டும் என்பதுதான் கனவு. சக்தி வந்ததும் தன்னை அவமானப்படுத்திய போலீஸ்காரர்களை வெளுப்பதுதான் முதலில் தோன்றுகிறது. ஷிபுவுக்கும் இவனுக்கும் ஒரே இரவில், ஒரே மின்னல். தொடக்கத்தில் இருவர் நோட்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். எந்த வரியில் பிரிகிறது என்று பாருங்கள். ஜெய்சனுக்கு ஒரு வீடு இருந்தது, கூட நின்று நம்புகிற ஒரு சின்னப்பையன் இருந்தான். நல்ல மனசு, கெட்ட மனசு என்று பிரிப்பதைவிட இது எனக்கு அதிகம் விளக்குகிறது.

‘மாவீரன்’ இன்னும் சிக்கல். சத்யா பத்திரிகையில் படக்கதை வரைகிறவன், எதற்கும் அனுசரித்துப் போகிற பயந்தாங்கொள்ளி. குடிசையைக் காலி செய்துவிட்டுக் குடியமர்த்தப்பட்ட அடுக்குமாடியில் சுவர் விரிசல் விடுகிறது, அப்போதும் அனுசரிப்பு. சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கையோடு உதிர்ந்துவந்த 2021ஆம் வருஷச் செய்தி நினைவிருக்கிறவர்களுக்கு அந்தச் சுவர் சும்மா செட்டாகத் தெரியாது. பிறகு சத்யாவின் காதில் ஒரு குரல் கேட்க ஆரம்பிக்கிறது, விஜய் சேதுபதியின் குரல். அவனை வீரனாக வர்ணித்து இழுத்துக்கொண்டு போகிறது. அவன் வேண்டாம் வேண்டாம் என்கிறான், கை மட்டும் அடிக்கிறது. இதில் நோக்கம் யாருடையது? குரலை அடிபட்ட மூளை என்று கொள்ளலாம், தெய்வம் என்று கொள்ளலாம், தான் வரைந்த வீரனே காதுக்குள் வந்துவிட்டான் என்றும் கொள்ளலாம். எந்தப் பதிலை எடுத்தாலும் ஒரு பரீட்சை மட்டும் மாறாது: குரல் சொல்லாத இடத்தில், குரலுக்கு விரோதமாக, அவன் செய்தவற்றை மட்டும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம்தான் சத்யா. மீதியெல்லாம் குரலுடைய மொய்.

## எல்லாரும் செய்கிற தவறு

ஒற்றை நோக்கத்தை ஒட்டிவிட்டு எழுந்துபோவது. இதில் எங்கள் ஊருக்குச் சொந்த அனுபவம் உண்டு. 2009 ஜனவரியில் இங்கே ஓர் இடைத்தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எங்கே ஓட்டுக்குப் பணம் என்ற பேச்சு வந்தாலும் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்றுதான் சொல்கிறார்கள். வெளியூரில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எந்த ஊர் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தத் தேர்தலில் கிட்டத்தட்ட ஊரே திரண்டு போய் ஓட்டுப்போட்டது. அதில் கட்சிக்காரர் இருந்தார், சாதி பார்த்தவர் இருந்தார், வேட்பாளரைப் பிடித்தவர் இருந்தார், பிடிக்காமல் எதிர்த்துப் போட்டவர் இருந்தார், சும்மா மைபோட வந்தவரும் இருந்தார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே நோக்கம் என்று ஒரு ஃபார்முலாவில் அடக்கிவிட்டார்கள். அந்தச் சிரிப்பை வாங்கிப் பழகியவன், ஷிபுவுக்கு ஒற்றை வார்த்தை கேட்டபோது பதில் சொல்லத் தயங்கியது அதனால்தான்.

இன்னொரு தவறு இதற்கு நேர் எதிர்: எல்லாருக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்று தோளைக் குலுக்குவது. நம் பட்டிமன்றங்களைப் பாருங்கள். கும்பகர்ணனா வீடணனா என்று ஆண்டாண்டு காலமாகப் பேசுகிறோம். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த சாலமன் பாப்பையா மாதிரி நடுவர்கள், இரண்டு பக்கத்தையும் சிரிக்கச் சிரிக்கக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லித்தான் எழுந்திருப்பார்கள். அடுத்த ஊரில் தீர்ப்பு மாறலாம், ஆனால் அன்றைக்கு ஒரு தீர்ப்பு உண்டு. நீங்களும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி தீர்ப்பு எழுதுங்கள், பென்சிலில்.

## வீட்டுப் பாடம்

படம் எதுவும் வேண்டாம். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் மதுரை வீரன் சன்னிதி இருக்கிறது. அவனுடைய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளையரை அடக்க மதுரைக்கு வந்தவன், இரவில் வெள்ளையம்மாளோடு அகப்பட்டு, கள்ளன் என்று மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் ஒரு பதிலைச் சொல்லும். கதைப்பாடல்களும் வாய்மொழிகளும் வேறு வேறு பதில்களைச் சொல்லும். அந்த இரவில் அவன் எதற்காகப் போனான்? காவலா, காதலா? தண்டித்தவர்களின் நோக்கம் என்ன? அவர்கள் எதைத் தண்டித்தார்கள், கள்ளத்தனத்தையா, அவனுடைய பிறப்பையா?

மருமகனும் நானும் போன ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போனோம். சூடம் காட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டான். அவர் ஒரு கதை சொன்னார். பூ வாங்கிக்கொண்டு வந்த அவருடைய வீட்டம்மா பாதியில் நிறுத்தி, “அப்படி இல்ல தம்பி” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மருமகன் புதுப் பக்கத்தைத் திருப்பினான்.